மறு: 'இன்டாலியோ'வுக்குத் தமிழ்ச்சொல் – குழியச்சு

நீங்கள் எழுதியது: செப்புத் தகட்டில் செதுக்கியதுதானே, 'செப்பேட்டுப் படம்' என்றே சொல்லிவிடலாமே.

ஐயா, வணக்கம். தகட்டில் கோடுகளைச் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் நிற்கும் மையால் அச்சிடுகிற 'இன்டாலியோ' முறைக்கு நீங்கள் சொன்ன இந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லை. செப்பேடு என்றதும் நமக்கு சோழர் கால ஆனைமங்கலம் செப்பேடு மாதிரி ஒன்றுதான் நினைவுக்கு வரும். அங்கே தகடுதான் ஆவணம், எழுத்தும் நேராகவே இருக்கும். பதினாறாம் நூற்றாண்டில் ஆண்ட்வெர்ப் நகரில் நிலப்படத் தொகுப்பு வெளியிட்ட ஒர்டேலியஸின் படங்களுக்காகச் செதுக்கிய தகடுகள் படிப்பதற்கானவை அல்ல. எல்லாம் இடவலம் மாறிக் கிடக்கும், தாளில் அழுத்தி எடுத்தால்தான் படம்.

அப்புறம், பெயர் உலோகத்தைக் காட்டுவதைவிட மை எங்கே நிற்கிறது என்பதைக் காட்டினால் நல்லது. செம்பில் கோடு என்பது பள்ளம். அதில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி ஓட்டினால் தாள் குழிக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். மரத்தில் நேர்மாறு, வேண்டாததை வெட்டி எடுத்துவிட்டு நிற்கிற மேட்டில் மை தடவுவார்கள். ஜெர்மனியின் லூபெக் நகரில் 1475-இல் அச்சான திருநாட்டுப் (பைபிள் சொல்லும் பாலஸ்தீன நாட்டின்) படமும், ஜெர்மானியப் பாதிரியார் பியூண்டிங் 1581-இல் எருசலேமை நடுவில் வைத்து மூன்று கண்டங்களையும் மூன்று இதழ்களாக்கிய படமும் அப்படி வந்தவை. இதை மேட்டச்சு என்போம், முன்னதைக் குழியச்சு என்போம். மேடுபள்ளம் தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டியதில்லை.

'செதுக்கச்சு' என்று இன்னொருவர் சொன்னதும் அழகான சொல்தான், ஆனால் மரத்தையும் செதுக்கத்தானே செய்கிறார்கள், வேறுபாடு போய்விடுகிறது.

ஒர்டேலியஸ் தம் தொகுப்புக்கு 1590-இல் வெளியிட்ட சேர்க்கையில் வந்த, பைபிளின் ஆபிரகாம் போன பயணத்தைக் காட்டும் படத்தைப் பாருங்கள். நடுவில் கானான் தேசம், சுற்றிலும் 22 சிறு வட்டங்களில் ஆபிரகாமின் வாழ்க்கைக் காட்சிகள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் மனிதர்கள், மரங்கள், கூடாரங்கள்! அவ்வளவு மெல்லிய கோடு செம்பில் எளிதாக வரும், மரத்தில் பெரும்பாடு. ஒர்டேலியஸின் படத்தாள்களின் பின்பக்கத்தில் பெரும்பாலும் ஈய எழுத்தில் விளக்கம் இருக்கும், அது மேட்டச்சு. ஒரே தாளுக்கு இரண்டு சொல்லும் தேவைப்படுகிறது.

குழியச்சு என்றால் பணியாரக் குழி நினைவு வருமே என்று கேட்டிருந்தீர்கள். வரட்டும், 'அச்சு'க்கு வார்ப்பு என்ற பொருளும் உண்டுதான், ஆனால் நிலப்படம் பற்றிய பேச்சில் யாரும் குழம்ப மாட்டார்கள்.

தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திப் பதிகிற கோட்டுக்கு மட்டும் இன்னும் சொல் இல்லை. 'தகட்டுத் தடம்' சரிவருமா?