நெதர்லாந்தில் குடும்பத்தோடு குடியேற அமைதியான ஏரியாவில் வாடகை வீடு: எதையெல்லாம் பார்த்து எடுப்பது?

காட்பாடிக்காரன்:

வேலூர் பக்கத்து சொந்தங்களுக்கு வணக்கம். ஐந்தோவனை ஒட்டியிருக்கும் வெல்ட்ஹோவனில் வேலை உறுதியாகிவிட்டது. நான், மனைவி, 5 வயசுப் பையன். பிறகு அம்மா வந்து மூணு மாசம் இருப்பார். மாசச் சம்பளம் பிடித்தம் போகுமுன் 6,000 யூரோ.

நம்ம காந்தி நகர் உள் தெரு மாதிரி, வண்டி இரைச்சல் இல்லாமல், பிள்ளை வாசலில் விளையாடுகிற மாதிரி இடம் வேண்டும். பார்த்ததில் பிடித்த வீட்டுக்கு 1,950 யூரோ வாடகை. படத்தில் தரையே இல்லை, வெறும் சிமெண்டு தெரிகிறது. விளம்பரத்தில் "கால்" என்று போட்டிருக்கிறது, அது என்ன கணக்கு?

இன்னொருவர் 1,200 யூரோவுக்குத் தோட்டத்தோடு வீடு இருப்பதாக மின்னஞ்சல் அனுப்பினார். தான் வெளிநாட்டில் இருப்பதாகவும், இரண்டு மாச அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் சொல்கிறார். இங்கிருந்தே கட்டிவிடலாமா? நம்மூரில் பத்து மாச அட்வான்ஸ், 11 மாச அக்ரிமெண்ட் என்று பழகியாச்சு. அங்கே நடைமுறை என்ன?

குடியாத்தம்_நெசவு:

தம்பி, முதலில் அந்தக் கூரியர் சாவி ஆளுக்குப் பதில் போடுவதை நிறுத்துங்கள். வாடகை சந்தை விலையைவிட வெகு குறைவு, ஓனர் வெளிநாட்டில், வீட்டைக் காட்ட ஆள் இல்லை, ஆனால் பணம் மட்டும் முன்னால் வேண்டும். இந்த நாலும் சேர்ந்து வந்தால் அது மோசடிதான். வீட்டை நீங்களோ, அங்கே இருக்கும் நம்பிக்கையான ஒருவரோ உள்ளே போய்ப் பார்க்காமல், கையெழுத்தான ஒப்பந்தம் கையில் இல்லாமல் ஒரு யூரோவும் அனுப்பக் கூடாது. சந்தேகம் இருந்தால் கடாஸ்டர் என்கிற நிலப் பதிவகத்தில் சின்னக் கட்டணம் கட்டி, அந்த முகவரி யார் பேரில் இருக்கிறது என்று பார்க்கலாம். நம்மூரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது மாதிரி. பாஸ்போர்ட் நகல் கேட்டால் எண்ணை மறைத்து, குறுக்கே "இன்ன வீட்டு வாடகைக்கு மட்டும்" என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். அதற்கு அந்த நாட்டு அரசே கோபி-ஐடி என்று ஒரு செயலி வைத்திருக்கிறது.

அடுத்தது சம்பளக் கணக்கு. தரகு நிறுவனங்கள் பெரும்பாலும் வாடகையைப் போல 3 முதல் 4 மடங்கு மொத்தச் சம்பளம் கேட்கும். 1,950-க்கு மூன்று மடங்கு 5,850. உங்கள் 6,000 தாண்டிவிடும். மூன்றரை மடங்கு கேட்கும் இடத்தில் 6,825 வேண்டும், நிற்காது. ஆகவே வீடு பார்க்கப் போகுமுன் மின்னஞ்சலில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். வருடத்துக்கு 8 சதவீதம் விடுமுறைப் படி சட்டப்படி உண்டு. அதையும் சேர்த்து எண்ணுவார்களா என்று கேளுங்கள், சிலர் எண்ணுவார்கள்.

அட்வான்ஸ்: 2023 ஜூலை 1 முதல் போடும் ஒப்பந்தங்களில் அடிப்படை வாடகையில் இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். காலி செய்த 14 நாளில் திருப்ப வேண்டும். சேதம், பாக்கி என்று பிடிப்பதாக இருந்தால் கணக்கு எழுதி 30 நாளுக்குள். பத்து மாசம் கேட்பவர் அங்கே கிடையாது. கேட்டால் விலகுங்கள். 1,950 வீட்டுக்குச் சாவி வாங்கும் நாளில் ஒரு மாச வாடகையும் இரண்டு மாச அட்வான்சும் சேர்த்து 5,850 யூரோ தயாராக வேண்டும். இந்தியாவிலிருந்து வங்கி வழியாகப் போக இரண்டு, மூன்று வேலை நாள் ஆகும், வீட்டுக்காரர் அவ்வளவு பொறுக்க மாட்டார். பணத்தை முன்கூட்டியே அந்தப் பக்கம் கொண்டுபோய் வையுங்கள்.

தரகுக் கூலி: வீட்டுக்காரருக்காக வேலை செய்கிற தரகர் உங்களிடம் கூலி வாங்க முடியாது. "ஒப்பந்தச் செலவு", "நிர்வாகச் செலவு" என்று பேர் மாற்றிக் கேட்டாலும் அதே கூலிதான். உங்களுக்காக மட்டும் வீடு தேடித் தர நீங்களே அமர்த்தியவருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

11 மாச அக்ரிமெண்ட் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம். 2024 ஜூலை 1 முதல் காலவரையற்ற ஒப்பந்தம்தான் வழக்கம். மாணவர் போன்ற சில பிரிவினருக்கும், வீட்டுக்காரர் தானே திரும்பி வந்து குடியேறப் போகிற நிலை போன்ற சில விதிவிலக்குகளுக்கும் மட்டும் காலம் குறித்த ஒப்பந்தம் உண்டு. மாச வாடகை கட்டுகிற நீங்கள் ஒரு மாசம் முன்னால் சொல்லிக் கிளம்பலாம். வீட்டுக்காரர் உங்களைக் கிளப்ப சட்டம் சொல்லும் காரணம் வேண்டும், குறைந்தது மூன்று மாச அவகாசமும் தர வேண்டும். "குறைந்தபட்சம் 12 மாதம்" என்ற விதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேலை மாறக்கூடும் என்றால் அதைத் தளர்த்தச் சொல்லிக் கையெழுத்துக்கு முன்பே பேச வேண்டும்.

வாடகை நியாயம்தானா என்பதற்கு அங்கே புள்ளிக் கணக்கு இருக்கிறது. ஹால், படுக்கையறை, சமையலறை, குளியலறை என ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1 புள்ளி. ஸ்டோர் மாதிரி இடங்களுக்கு 0.75. அதோடு ஆற்றல் தரச் சீட்டு, வீட்டின் அரசு மதிப்பு எல்லாம் சேரும். மொத்தம் 187-ஐத் தொட்டால் வாடகைக்கு உச்சவரம்பு இல்லை. அதற்குக் கீழே இருந்தால் சட்டமே விலை வைக்கும். 2025-இல் 186 புள்ளிக்கு உச்சம் 1,184.82 யூரோ. 110 சதுர மீட்டர் புது வரிசை வீடு பெரும்பாலும் 187-ஐத் தாண்டிவிடும். 70 சதுர மீட்டர் பழைய அடுக்குமாடிக்கு 1,500 கேட்டால் கட்டாயம் எண்ணிப் பாருங்கள். கூடுதல் என்று தெரிந்தால் ஒப்பந்தம் தொடங்கி 6 மாதத்துக்குள் ஹ்யூர்கொமிசி என்கிற வாடகைக் குழுவுக்கு எழுதலாம். கட்டணம் 25 யூரோ, உங்கள் பக்கம் நியாயம் என்றால் அதுவும் திரும்பி வரும்.

சத்துவாச்சாரி அக்கா:

"கால்" என்றால் மொட்டை வீடு, தம்பி. தரை விரிப்பு இல்லை, திரை இல்லை, விளக்கு மாட்டும் இடத்தில் ஒயர் மட்டும் தொங்கும். "கெஸ்டோஃபேர்ட்" என்றால் தரை, திரை, பெரும்பாலும் அடுப்பும் இருக்கும், கட்டில் மேசை இருக்காது. "கெமெய்பிலேர்ட்" தான் எல்லாம் உள்ள வீடு. வாடகை ஒன்றாகத் தெரிந்தாலும் மொட்டை வீட்டில் லேமினேட் தரை விரிப்பும் திரையும் நீங்கள் போட வேண்டும். கிளம்பும்போது வருகிற ஆள் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றால் பெயர்த்து எடுக்கவும் வேண்டும். இரண்டு வருடத்துக்குள் திரும்பும் எண்ணம் இருந்தால் மொட்டை வீடு கட்டுப்படியாகாது. அடுக்குமாடி என்றால் லேமினேட்டுக்கு அடியில் சத்தம் குறைக்கும் விரிப்பு குறைந்தது 10 டெசிபல் என்று பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் சங்க விதியில் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு பொருள் எடுங்கள்.

இனி சமையலறை. நம்மவர்கள் சிக்கிக்கொள்வது அங்கேதான். புது வீடுகளில் எரிவாயுவே கிடையாது, இண்டக்ஷன் அடுப்பு. அலுமினியக் குக்கர், அலுமினிய இட்லிப் பானை இரண்டும் வேலைக்காகாது. ஊரிலேயே பாத்திரத்தின் அடியில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் கொண்டுபோங்கள். இரும்பு தோசைக்கல் ஒட்டும், ஆனால் அடி சொரசொரப்பாக இருந்தால் கண்ணாடியைக் கீறிவிடும். அந்தக் கீறலுக்கு அட்வான்சில் பிடிப்பார்கள்.

கிரைண்டருக்கு மின்சாரம் பிரச்சினை இல்லை, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம்மூர் மாதிரிதான். பிளக்தான் வேறு. மலிவான மாற்றி பல எர்த் இல்லாதவை. இரும்பு உடம்பு கிரைண்டரை அதில் போட்டால் கை வைக்கும்போது ஷாக் அடிக்கும் ஆபத்து. எர்த் உள்ள மாற்றி வாங்கி, சமையலறையில் எர்த் உள்ள சாக்கெட்டில் மட்டும் போடுங்கள். பழைய வீட்டு ஹாலில் எர்த் இல்லாத சாக்கெட் இருக்கும். வரிசை வீட்டில் பக்கத்து வீட்டோடு சுவர் பொது. கிரைண்டரைத் தடித்த ரப்பர் பாய் மேல், பொதுச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். இரவு பத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

தாளிப்பு வாசனை விஷயம் இன்னும் முக்கியம். பல வீடுகளில் மாடியில் ஒரு விசிறிப் பெட்டி குளியலறை, கழிவறை, சமையலறைக் காற்றை ஒரே குழாய் வழியாக இழுக்கும். அந்தக் குழாயில் மோட்டார் உள்ள புகைபோக்கியை இணைக்கக் கூடாது. இணைத்தால் புகை வெளியே போகாமல் மற்ற அறைக்கும், அடுக்குமாடியில் அடுத்த வீட்டுக்கும் போய்ச் சேரும். வீடு பார்க்கும்போதே கேளுங்கள்: புகைபோக்கி தனிக் குழாயில் வெளியே போகிறதா, கரி வடிகட்டி வழியாகச் சுற்றி உள்ளேயே விடுகிறதா? தனிக் குழாய் இருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு மதிப்பெண் கூட. சமைக்கையில் விசிறியை மூன்றாம் நிலையில் வையுங்கள், ஜன்னல் மேல் காற்றுத் துவாரத்தைத் துணி வைத்து அடைக்காதீர்கள். அடைத்துவிட்டு உள்ளே துணியும் உலர்த்தினால் குளிர்காலத்தில் சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சை வந்துவிடும். அது உங்கள் கவனக்குறைவு என்று வீட்டுக்காரர் சொல்லுவார்.

தோட்டம் பார்க்க அழகு. புல் வெட்டுவது, களை எடுப்பது, வேலி கத்தரிப்பது எல்லாம் சட்டப்படி குடியிருப்பவர் வேலை. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் இருந்தால் அதன் நீரழுத்தம் 1.5 முதல் 2 பார் வரை இருக்கும்படி தண்ணீர் ஏற்றுவதும் நீங்கள்தான். 1-க்குக் கீழே இறங்கினால் சூடு நின்றுவிடலாம். கொதிகலனே பழுதானால் அது வீட்டுக்காரர் செலவு.

ஆம்பூர்_மேம்பாலம்:

அமைதியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அட்லஸ் லேஃபொம்கேவிங் என்று அரசு வரைபடத் தளம் இருக்கிறது. முகவரி போட்டால் சாலை, ரயில், விமான இரைச்சல் வண்ணத்தில் தெரியும். ஐந்தோவனில் உள்ள மேர்ஹோவன் குடும்பங்களுக்கு நல்ல புது ஏரியா, ஆனால் விமான நிலையமும் ஏ2 நெடுஞ்சாலையும் பக்கம், தெருவுக்குத் தெரு வேறுபடும். வெல்ட்ஹோவனில் ரயில் நிலையம் கிடையாது, பஸ்ஸும் சைக்கிளும்தான். ரயில் வேண்டும் என்றால் பக்கத்து ஊர்களான பெஸ்ட், கெல்டிராப் பாருங்கள். பெஸ்ட்டில் ஊர் நடுவே ரயில் சுரங்கத்தில் போவதால் இரைச்சல் மேலே வராது. இன்னொரு பக்கத்து ஊரான நுயினன் அமைதி, ஆனால் அங்கும் ரயில் இல்லை.

பையன் வாசலில் விளையாட வேண்டும் என்றால் "வோன்எர்ஃப்" தெரு தேடுங்கள். வீடும் குழந்தையும் வரைந்த நீலப் பலகை இருக்கும், வண்டிகள் 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. தெரு முனையில் கால்வாயோ குட்டையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், வேலி இருக்காது. பையனை முதல் மாசமே நீச்சல் வகுப்பில் சேருங்கள். அந்த நாட்டுப் பிள்ளைகள் ஏ, பி, சி என்று நீச்சல் சான்றிதழ் வாங்குவது இதற்காகத்தான்.

பள்ளி 4 வயசில் தொடங்கும். 5 முடிந்த அடுத்த மாசம் முதல் தேதியிலிருந்து கட்டாயம், ஆகவே உங்கள் பையனுக்குத் தள்ளிப்போட முடியாது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிக்குக் கட்டணம் இல்லை, பெற்றோர் நன்கொடை விருப்பம்தான். வீட்டுக்குக் கையெழுத்துப் போடுமுன் பக்கத்துப் பள்ளிக்கு இடம் உண்டா என்று எழுதிக் கேளுங்கள்.

ஊரை விட்டுக் கிளம்புமுன் ஒன்று. உங்கள் மூன்று பேர் பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மாநில அரசு சான்றொப்பமும், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்கிற, வெளிநாட்டில் செல்லுவதற்கான முத்திரையும் வாங்குங்கள். தமிழில் மட்டும் இருக்கும் பழைய சான்றிதழ் செல்லாது. ஆங்கிலமும் உள்ள புதுப் பிரதி எடுங்கள், இல்லாவிட்டால் உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சான்றிதழில் குழந்தை பேர் விட்டிருந்தால் முதலில் பேரைச் சேருங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் பெரிய தொல்லை. சான்றிதழில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பேர் முழுசாக, ஒப்பந்தத்தில் இன்னொரு மாதிரி என்று இருந்தால் நகராட்சிப் பதிவு நின்றுபோகும். பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே எல்லாவற்றிலும் வரட்டும்.

காட்பாடிக்காரன்:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. கூரியர் ஆளை விட்டுவிட்டேன். இரண்டு சந்தேகம். முதல் மூன்று மாசம் சாமான் உள்ள தற்காலிக வீட்டில் இருந்து தேடலாமா? ஒரு தற்காலிக வீட்டு விளம்பரத்தில் "முகவரிப் பதிவு கிடையாது" என்று போட்டிருக்கிறது. அது பரவாயில்லையா?

குடியாத்தம்_நெசவு:

தற்காலிக வீட்டில் இருந்து நேரில் தேடுவது சரியான வழி. ஆனால் பதிவு இல்லாத வீடு வேண்டவே வேண்டாம். நாலு மாசத்துக்கு மேல் தங்க வருபவர் வந்து 5 நாளுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். அந்தப் பதிவில்தான் பி.எஸ்.என். என்கிற தனிநபர் அடையாள எண் கிடைக்கும். அது இல்லாமல் சம்பளம், மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாம் இழுபறியாகும். நகராட்சிக்கு எப்போது போக முடியும் என்று வேலூரிலிருந்தே நேரம் வாங்குங்கள், உடனே கிடைக்காது. தற்காலிக வீடு நிறுவனம் ஏற்பாடு செய்வது என்றால் "பதிவுக்கு அனுமதி உண்டு" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அம்மா 90 நாள் விசாவில் வருவதால் அவருக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் தங்குவோர் பேர் குறித்திருந்தால் வீட்டுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

சத்துவாச்சாரி அக்கா:

சாவி வாங்கும் நாளில் மறக்காமல் செய்ய வேண்டியது: மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மீட்டர் மூன்றையும் எண் தெரியப் படம் எடுங்கள். சுவர்க் கீறல், தரைக் கறை, கண்ணாடி அடுப்பு, குளியலறை மூலை எல்லாம் தேதியோடு படம். வீட்டு நிலையை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா பாருங்கள், 2022 ஜூலை முதல் அது சட்டம். குப்பை வரியும் நீர் வாரிய வரியும் வருடத்துக்கு ஒரு முறை உங்கள் பேருக்கே வரும், அதற்குத் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டு வரி வீட்டுக்காரருக்கு.