மூன்றாவது வரிசையில் அம்மா: ஏழு இருக்கை கார் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

நடுவரிசை எழுதியது:

வண்டி வந்து ஐந்து மாதம் ஆகிறது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஏழு இருக்கை வண்டி. மைலேஜ், தொடுதிரை எல்லாம் எல்லோரும் அலசிவிட்டீர்கள், அதற்குள் போகவில்லை. ஒரே ஒரு காட்சி மனத்தை விட்டுப் போக மறுக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதன்முறையாக ஏழு பேரும் ஏறிய நாள். சின்னவனின் குழந்தை இருக்கையை நடுவரிசையில் இடப்பக்கம் பொருத்தியிருந்தேன். அதைப் பொருத்திவிட்டால் அந்தப் பக்கத்து இருக்கையை மடித்துக் கவிழ்க்க முடியாது என்பது அன்றுதான் உறைத்தது. பின்வரிசைக்குப் போக மிஞ்சியது வலப்பக்கம் மட்டும். அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். "நான் பின்னால் போய்க்கொள்கிறேன், நீ வண்டியை எடு" என்று அம்மா முந்திக்கொண்டார்.

ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுப் பிடித்துக்கொள்ள எதையாவது தேடினார். கூரை ஓரத்தில் கைப்பிடி இல்லை. விரல்கள் வழுவழுப்பான பிளாஸ்டிக்கின் மேல் ஊர்ந்துகொண்டே போய்க் கடைசியில் சீட் பெல்ட்டைப் பற்றின. பெல்ட் சரசரவென்று உருவிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உட்கார்ந்த பிறகு பார்த்தால் முழங்கால்கள் மார்புக்கு அருகில். அங்கே தரை உயரம், இருக்கை தாழ்வு. "சௌகரியமாக இருக்கிறதா அம்மா?" என்றேன். "எனக்கென்ன, நீ சாலையைப் பார்" என்றார். நாற்பது நிமிடம் வேறு பேச்சே இல்லை. அம்மா பேசாமல் வருகிறவர் அல்லர்.

டெஸ்ட் டிரைவுக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். இருவரும் முன்னால். பின்வரிசையைக் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும். எழுதுங்கள்.

பாலத்து ஏற்றம் எழுதியது:

இருந்தது. மேம்பாலத்தில் ஏறும் இடத்தில் நெரிசல், வண்டியில் ஏழு பேர், ஏசி முழு வேகத்தில். மூன்று சிலிண்டர், டர்போ இல்லாத எஞ்சின். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டருக்குப் போவதற்குள் கடைசி வரிசையிலிருந்து மகள் கத்தினாள்: "அப்பா, பின்னால் இருக்கிற வண்டி நம்மை இடிக்க வருகிறது!" அது நின்ற இடத்திலேயே நின்றது. போய்க்கொண்டிருந்தது நாங்கள். அவள் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்த கை வீடு போய்ச் சேரும்வரை நடுங்கியது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஏற்றத்து நண்பரே, எஞ்சின் மேல் பழி போடுவது நியாயமில்லை. என்னிடமும் அதே வகை வண்டிதான், நான்கு ஆண்டாக ஓட்டுகிறேன். மலைப்பாதையில் ஒருமுறை மூன்றாவது கியரிலேயே பிடிவாதமாக ஏற்றினேன், வளைவில் திணறி நின்றுவிட்டது. என் கதை அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். ரெனோ டிரைபரை எடுத்துக்கொள்வோம். 999 சிசி, 72 குதிரைத்திறன், 96 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அந்த விசை முழுதாகக் கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,500 சுற்று சுற்றும்போது. வண்டியின் சொந்த எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆளுக்கு 65 கிலோ என்றால் ஏழு பேர் 455 கிலோ. தன் எடையில் பாதிக்கு நெருக்கமானதைச் சுமந்துகொண்டு அது ஏறுகிறது. அலுவலகத்துக்குத் தனியாகப் போகும்போது 1,500 சுற்றில் ஓட்டிய பழக்கத்தில் அன்றும் ஓட்டினால் எப்படி ஏறும்?

ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பாதியில் போய்க் குறைத்தால் வேகம் செத்துவிடும். நிற்க வேண்டி வந்தால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு நில்லுங்கள். கிளட்ச் பிடித்து வண்டியின் முகம் சற்று எழும்பும்போது ஹேண்ட்பிரேக்கை விடுங்கள், ஒரு விரற்கடை கூடப் பின்னால் போகாது. இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். முன்னால் போகும் வண்டிக்கு விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள், ஏனென்றால் முழுச் சுமையில் பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும். டயரின் காற்றழுத்தத்தையும் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பல வண்டிகளில் குறைந்த சுமைக்கு ஓர் எண்ணும் முழுச் சுமைக்கு வேறோர் எண்ணும் இருக்கும். பெரும்பாலானவர்கள் ஆண்டு முழுவதும் முதல் எண்ணிலேயே ஓட்டுகிறார்கள். வேகத்தடையில் அடி உரசுகிறது என்று புலம்புகிறவர்கள் அதைச் சரிபார்த்துவிட்டு, முன்சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காமல் சற்றுச் சாய்வாக ஏறிப் பாருங்கள். இன்னும் நிறைய இருக்கிறது, கேட்டால் எழுதுகிறேன்.

இரவுப் பயணி எழுதியது:

கணக்குப்பிள்ளை டயரைச் சொன்னார், விளக்கை விட்டுவிட்டார். எனக்கு நடந்ததே அதில்தான்.

ஏழு பேர், டிக்கியில் இரண்டு பை, இரவு பத்து மணி. எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியும் விளக்கைச் சிமிட்டுகிறது. நான் லோ பீமில்தான் போகிறேன். சுவிட்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. வீம்புக்கு நானும் பதிலுக்குச் சிமிட்டினேன். குறுகிய இடத்தில் ஒரு லாரி எனக்கு வழிவிட்டு நின்றது. என் வெளிச்சம் அதன் கண்ணாடியில் விழுந்தபோது, ஓட்டுநர் முழங்கையை மடித்துக் கண்களை மறைத்துக்கொண்டிருந்தார். என் விளக்கு அவர் முகத்துக்கு நேராக அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கையேட்டைப் புரட்டினேன். பின்பக்கம் சுமையில் அமுங்கினால் முன்பக்கம் நிமிர்கிறது, விளக்கும் நிமிர்கிறது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு உருளை ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் வெளிச்சம் கீழே இறங்கும். இரண்டு ஆண்டாக அந்த உருளை பூஜ்யத்திலேயே இருந்திருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இன்றே அதைத் தேடிப் பாருங்கள்.

மாடி அறை எழுதியது:

455 கிலோவில் மூட்டை முடிச்சு எங்கே ஐயா? ஏழு பேர் போனால் ஏழு பேரின் துணிமணியும் போகும். ஏழு இருக்கையும் நிமிர்ந்திருக்கும்போது டிரைபரின் டிக்கி 84 லிட்டர். ஐரோப்பாவில் விற்கும் ஏழு இருக்கை வண்டியான டேசியா ஜாகரில் 160. கடைசி வரிசையைக் கழற்றிவிட்டால் டிரைபரிலேயே 625 லிட்டர் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அப்போது அது ஐந்து பேர் வண்டி.

எங்களுடையதும் இருக்கையைக் கழற்றும் வகை. துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவருவதற்காக இரண்டையும் கழற்றி மாடி அறையில் துணி போர்த்தி வைத்தேன். டிக்கி விசாலமாக இருக்கவே திரும்ப மாட்டத் தோன்றவில்லை. மாமனாரை மருத்துவமனையிலிருந்து அழைத்துவரும் நாள் வந்தது. கட்டுப் போட்ட காலை நீட்டி நடுவரிசையில் அவர் உட்கார்ந்ததும் பாதி இடம் போய்விட்டது. மாமியார் கதவைப் பிடித்தபடி உள்ளே பார்த்தார். "நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் மாப்பிள்ளை, நான் அடுத்த நடையில் வருகிறேன்" என்றார். பத்து நாள் மாமனார் பக்கத்திலேயே கிடந்தவர். பின்கண்ணாடியில் அவர் வாசலில் நிற்பது வளைவு வரை தெரிந்தது. இரண்டு இருக்கைகள் எங்கள் மாடியில் சும்மா கிடந்தன.

கழற்றும் வசதியை வசதி என்று இனி நான் சொல்லமாட்டேன். மடித்துத் தரையோடு படுத்துவிடும் இருக்கைதான் குடும்பத்துக்கு ஏற்றது.

பெல்ட் சத்தம் எழுதியது:

சுருக்கமாக எழுதுகிறேன், நினைத்தால் வயிறு பிசைகிறது. இரண்டு மணி நேர நெடுஞ்சாலைப் பயணம் முடிந்து பின்கதவைத் திறந்தேன். ஆறு வயது மகனின் பெல்ட் மாட்டப்படவே இல்லை. கொக்கி இருக்கைக்கும் முதுகுப் பகுதிக்கும் நடுவே புதைந்து கிடந்தது. "கிடைக்கவில்லை அம்மா, நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள்" என்றான். முன்னால் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் ஊரைக் கூட்டும் வண்டி, அவனுக்காக ஒரு பீப் கூட எழுப்பவில்லை. கடைசி வரிசைக்கு அந்த எச்சரிக்கை பல வண்டிகளில் கிடையாது. புது வண்டிகளை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் ஐரோப்பிய அமைப்பு யூரோ என்கேப்; அதன் 2021ஆம் ஆண்டுச் சோதனையில் ஜாகர் ஒரே ஒரு நட்சத்திரம் வாங்கியது. மூன்றாவது வரிசைக்கு இந்த எச்சரிக்கை இல்லாததும் அதில் மதிப்பெண்ணைக் குறைத்தது. இப்போது வண்டி கிளம்பும் முன் நானே பின்னால் போய் மூன்று கொக்கிகளை இழுத்துப் பார்க்கிறேன்.

ஞாயிறு மட்டும் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து கடைசி வரிசையைத் திட்டுவது எனக்கு ஒப்பவில்லை. தினசரி ஓட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? ஆண்டில் முக்கால்வாசி நாள் நான் ஒருவன்தான் ஓட்டுகிறேன். நீளம் குறைவு, கிடைத்த சந்தில் நிறுத்துகிறேன், ஸ்டீயரிங் பூப்போல இருக்கிறது. ஆறு, ஏழு பேர் ஏறுவது மாதத்தில் ஒரு ஞாயிறு, அதுவும் அரை மணி நேரம். அந்த அரை மணிக்காக இன்னும் அரை மீட்டர் நீளமான வண்டியைத் தினமும் நெரிசலில் இழுத்துக்கொண்டு அலைய வேண்டுமா? நடுவரிசையைச் சற்று முன்னால் நகர்த்தினால் பின்னால் காலுக்கு இடம் கிடைக்கிறது, அதை எத்தனை பேர் செய்கிறீர்கள்? நடுவரிசை நண்பரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், அம்மாவை முன்னால் உட்கார வைத்திருந்தால் இந்தத் திரியே தேவைப்பட்டிருக்காது.

நடுவரிசை எழுதியது:

கோபமில்லை. முன்னால் உட்காரச் சொன்னோம், "மருமகளுக்கு வண்டியில் தலை சுற்றும், அவள் முன்னால் இருக்கட்டும்" என்று மறுத்துவிட்டார். உங்கள் வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். திங்கள் முதல் சனி வரை எனக்கும் வண்டி மேல் ஒரு குறையும் இல்லை.

நேற்று மனைவியை ஓட்டச் சொல்லி நான் அந்த இடத்தில் ஏறினேன். நடுவரிசையை நீங்கள் சொன்னபடி முன்னால் நகர்த்திவிட்டுத்தான் ஏறினேன், காலுக்கு நான்கு விரல் இடம் கூடியது. இருபது நிமிடம். கண்ணாடி திறக்காது. ஏசிக் காற்று நெற்றிக்கு வந்துசேரப் பத்து நிமிடம் பிடித்தது. முன்னால் இருக்கைகளின் முதுகு மட்டும் தெரிகிறது, சாலை தெரியவில்லை. அன்று அம்மா எதைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார் என்று யோசித்தேன். இறங்கும்போது என் கையும் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் பிடியைத் தேடியது.

குழந்தை இருக்கையை வலப்பக்கம் மாற்றிவிட்டேன். இனி ஏறுவது நடைபாதைப் பக்கமிருந்து, தரை சற்று உயரமாகக் கிடைக்கிறது. வரும் ஞாயிறு பின்வரிசைக்கு நான் போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.