ஊசிவால் வாத்தின் குடலில் ரெண்டு வகைத் தட்டைப்புழு. இனம் காண்பது எப்படி?

கண்மாய்க்கரை: வணக்கம். மதுரையில் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். சாமநத்தம் கண்மாயில் செத்துக் கிடந்த ஊசிவால் வாத்தை வனத்துறையினர் எடுத்துப் போய், கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். அனுமதியோடு புழுக்கள் என்னிடம் வந்தன. குருட்டுக்குடல் ரெண்டிலும் அரிசிக் குருணை மாதிரி வெளிர்சிவப்பாக, 3 மி.மீ. அளவில் இருந்தன. சிறுகுடலில் கிடைத்தவை நீளம், 1 செ.மீ. வரும். தனித்தனிக் குப்பியில் 70 சதவீத ஆல்கஹாலில் வச்சிருக்கேன். சின்னதில் வாய்ப்பக்கம் மட்டும் ஒட்டுறிஞ்சி தெரியுது, வயிற்றில் காணோம். நிஜமாவே இல்லையா, எனக்குத்தான் தெரியலையா?

மாட்டுக்காரன்: ஈரல் புழுவா இருக்கும். எங்க ஆட்டுல நிறைய வருது.

பழைய லென்ஸ்: ஈரல் புழுவை விடுங்க. அது ஆடு மாட்டோட பித்தக்குழாயில் குடியிருக்கிற பெரிய ஆள், வாத்துக் குருட்டுக்குடலில் அதுக்கு வேலை இல்லை.

தம்பி, உறுப்பு வாரியா பிரிச்சு வச்சீங்க பாருங்க, அதுலேயே பாதி வேலை முடிஞ்சது. குருட்டுக்குடல், வயிற்று ஒட்டுறிஞ்சி கிடையாது: நோட்டோகோட்டைலஸ் குடும்பம்னு முதல்ல சந்தேகப்படணும். அடிவயிற்றைத் திருப்பிப் பாருங்க. சுரப்பி மேடுகள் மூணு வரிசை இருந்தா அந்தக் குடும்பத்துல நோட்டோகோட்டைலஸ் பேரினம். நடுவில் நீள வரப்பு, ரெண்டு பக்கமும் மேடுகள்னா அதே குடும்பத்து கேட்டாட்ரோபிஸ் பேரினம். சாயம் ஏத்தின பிறகு இந்த மேடுகள் பல நேரம் மறைஞ்சிடும், அதனால சாயத்துக்கு முன்னாடியே படம் எடுத்துடுங்க. முட்டையையும் பாருங்க. ரெண்டு முனையிலும் நீண்ட நூல் தொங்கும், அது இருந்தா இந்தக் குடும்பம்ங்கறதுக்கு நல்ல சாட்சி.

சிறுகுடல்காரன் எக்கைனோஸ்டோமா வகையறாவா இருக்கலாம். வாயைச் சுத்தி முள் கழுத்துப்பட்டை இருக்கான்னு பாருங்க. எக்கைனோஸ்டோமா ரெவொலூட்டத்துக்கு 37 முள். ஆனா 37 முள்ளோட இன்னும் பல இனம் இருக்கு, முள்ளும் சுலபமா உதிரும். எண்ணிக்கையை மட்டும் நம்பி இனப்பெயர் எழுதுறதை நான் ஒத்துக்க மாட்டேன். பேரினத்தோட நிறுத்திட்டு, டிஎன்ஏவுக்குக் கொஞ்சம் புழுவை எடுத்து வைங்க. நல்லவேளை ஃபார்மலின்ல போடல, போட்டிருந்தா டிஎன்ஏ எடுக்கிறது பெரும்பாடு.

சாயம் ஏத்துற வரிசை இது: அசிட்டோகார்மைன் சாயம், மிஞ்சின சாயத்தை எடுக்க அமில ஆல்கஹால், ஈரம் போக்கப் படிப்படியா ஆல்கஹால், கடைசியில் புழு தெளிவாத் தெரியக் கிராம்பு எண்ணெய். தட்டையாக்கணும்னு இப்போ கண்ணாடிக்கு நடுவே நசுக்காதீங்க. ஆல்கஹாலில் விறைச்ச புழு உடைஞ்சுதான் போகும்.

கண்மாய்க்கரை: ரொம்ப நன்றிங்க ஐயா. மூணு வரிசை தெரியுது! நம்ம கண்மாயில் தொற்றியதுன்னு எழுதலாமா?

பழைய லென்ஸ்: கூடாது. இது வலசை வாத்து, வடக்கேயிருந்தே சுமந்து வந்திருக்கலாம். கண்மாய் நத்தையைப் பிடிச்சு, ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணத் தண்ணியில் போட்டு வெளிச்சத்தில் வைங்க. செர்காரியா (நத்தையிலிருந்து நீந்தி வர்ற தட்டைப்புழுக் குஞ்சு) வெளியே வந்து, அதோட டிஎன்ஏ உங்க புழுவோட ஒத்துப்போனா அப்புறம் பேசலாம். நத்தைத் தண்ணியில வெறுங்கை விடாதீங்க. ரத்தத் தட்டைப்புழுவோட செர்காரியா தோலைத் துளைக்கும், தடிச்சு அரிக்கும்.

வாத்துப்பட்டி: திருமங்கலம் பக்கம் வயல்ல வாத்து மேய்க்கிறேன். எங்க வாத்துக்கும் ஒட்டுமாங்க?

பழைய லென்ஸ்: வலசை வாத்து இறங்குற தண்ணியில மேஞ்சா வரலாம்ணே. ஆனா ஒரு வாத்துகிட்டேருந்து இன்னொண்ணுக்கு நேரா ஒட்டாது, நடுவுல நத்தை வேணும். செத்த காட்டுப் பறவையை மட்டும் நீங்க தொடாதீங்க. பறவைக் காய்ச்சலா இருந்தா வம்பு, வனத்துறைக்குச் சொல்லி விட்டுடுங்க.