டீம் ஒண்ணு சேர நீங்க என்ன விளையாட்டு வச்சீங்க? அனுபவத்தச் சொல்லுங்க

லெஃப்ட் கார்னர்:
எல்லாருக்கும் வணக்கம். கபடி, வாலிபால், ஹாக்கின்னு டீம் நடத்துதவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, பயலுவள ஒண்ணு சேக்க என்ன செஞ்சீங்க, எது கை குடுத்துச்சு எது குடுக்கலன்னு சொல்லுங்க. மொதல்ல நான் சொல்லுதேன்.

நமக்கு ஆத்தங்கரை ஊரு. அஞ்சாறு வருசமா சாயங்காலம் பயலுவளுக்கு கபடி சொல்லிக் குடுக்கேன். தனித்தனியா பாத்தா ஒவ்வொருத்தனும் நல்ல ஆட்டக்காரன், ஆனா கோயில் கொடை மேட்ச்சுன்னு எங்க போனாலும் மொத ரவுண்டுலயே தோத்து வண்டி ஏறிருவோம். பிடியிலதான் கோளாறு. கார்னர்ல, அதாவது கடைசி ஓரத்துல நிக்கிறவனும் அவனுக்கு அடுத்தாப்புல உள்பக்கம் இன்-ல நிக்கிறவனும் கைகோத்து செயின் போட்டு நிக்கணும்லா, நம்ம பயலுவ விரல் நுனிய மட்டும் தொட்டுக்கிட்டு நிப்பானுவ, பாடி வாரவன் லேசா உதறுனாலே பிரிஞ்சிரும். ஒருத்தன் கீழத்தெரு, ஒருத்தன் மேலத்தெரு. ஊர்ல பெரியவங்களுக்குள்ள போக்குவரத்து கிடையாது, அது கோர்ட்டுக்குள்ளயும் வந்து நிக்கி. இத வாய்விட்டு நான் ஒருநாளும் கேக்கல, கேட்டா அன்னையோட டீம் கலைஞ்சிரும்.

மொதல்ல கண்ண மூடிட்டு பின்னால சாயுற விளையாட்டு வச்சேன், மத்தவன் தாங்கிப் பிடிக்கணும். ஆரம்பமே தப்பு. பிடிப்பான்னு நம்பிக்கை இல்லாதவன் எப்படிச் சாய்வான்? ஒரு பய பாதியில திரும்பி கைய ஊனிட்டான், மணிக்கட்டு பிசகி மூணு வாரம் கட்டு. அவங்க அம்மா மொகத்த என்னால பாக்க முடியல. புதுசா டீம் எடுக்கிறவங்க இத வைக்காதீங்க.

அப்புறந்தான் கை அமுக்குற விளையாட்டு. ஏழு பேரும் வட்டமா கைகோத்து கண்ண மூடி நிக்கணும், ஒருத்தன் வலது கைய அமுக்குவான், வாங்குனவன் அடுத்தவனுக்கு அமுக்கணும், பத்து சுத்து வரணும், போன்ல ஸ்டாப்வாட்ச் ஓடும். பேச்சே கூடாது. மொத நாள் சுத்தி வரவே இல்ல, எங்க நின்னு போகுதுன்னு பாத்தா தெரு மாறுற எடத்துல. நான் ஒண்ணும் சொல்லல, நேரத்த மட்டும் சத்தமா வாசிச்சேன். பயலுவளுக்கு நேரத்தக் குறைக்கணும்னு வெறி வந்துட்டு, நாலாம் நாள் அவனுவளே கைய இறுக்கிப் பிடிச்சானுவ.

அடுத்து அதயே ஆட்டத்துல கொண்டு வந்தோம். நான் முப்பது செகண்டு பாடி வருவேன், கணுக்கால் மாட்டும்னு எவனுக்குத் தோணுதோ அவன் பக்கத்துல நிக்கிறவன் கைய அமுக்கணும், ரெண்டு பேரும் ஒண்ணாப் பாயணும். சத்தம் குடுத்தா பாடுதவனுக்கும் கேட்டுரும்லா.

ஆடிக் கொடை மேட்ச்ல எங்க பக்கம் மூணு பேருதான் மிச்சம், பிடிச்சா சூப்பர் டேக்கிள், ரெண்டு பாயிண்டு. கார்னர் பய கணுக்காலப் பிடிச்ச அதே நொடியில இன் பய இடுப்புல விழுந்தான். செமில தோத்துட்டோம், அது வேற. ஆனா வண்டி ஏறும்போது கார்னர் பய முழங்கால்ல தோலு உரிஞ்சு ரத்தம், மேலத்தெருப் பய தன் பாட்டில் தண்ணிய ஊத்திக் கழுவி விட்டுட்டு, மிச்சத்த ரெண்டு பேரும் மாறி மாறிக் குடிச்சானுவ. நான் முன் சீட்டுல திரும்பிக்கிட்டேன்.

கோவில்பட்டி ஹாக்கி:
அண்ணாச்சி, படிச்சிட்டு தொண்டைய அடைக்கி. எங்க பயலுவளுக்கு ஒருத்தன் கண்ணக் கட்டி, தரையில செருப்பப் பரப்பி, நடுவுல பந்தத் தள்ளிட்டுப் போகச் சொல்லுவோம், கோல் கீப்பர் மட்டும் பின்னால இருந்து வழி சொல்லணும். மொத்த கிரவுண்டும் அவன் கண்ணுக்குத்தான தெரியும், ஆனா எங்க கீப்பர் வாயே திறக்க மாட்டான். ஒரு மாசத்துல அவன் குரல் கேட்டா பத்து பேரும் திரும்புதாங்க.

பாளை வாலிபால் அக்கா:
பொம்பளப் பிள்ளைங்க டீம் எங்களது. செட்டர், அதான் அடிக்கிறவளுக்கு பந்தத் தூக்கிக் குடுக்கிறவ, சின்னப் பிள்ள, பந்து கொஞ்சம் தாழ வந்தாலும் சீனியர் பிள்ளைங்க மொறைப்பாளுவ, அவ பயந்து பயந்து தூக்குவா. பந்து விளையாட்டு எதுவும் சரிப்படல. ஒருநாள் ஆத்துப் படித்துறைக்குக் கூட்டிட்டுப் போயி கூட்டாஞ்சோறு ஆக்கச் சொன்னேன், அந்தச் சின்னப் பிள்ளதான் தலைமை, அவ சொல்லுத வேலையத்தான் மத்தவளுவ செய்யணும். முருங்கைக்கீரை உருவுறதுல இருந்து தேங்காய் அரைக்கிறது வரைக்கும் அதட்டி வேல வாங்குனா பாருங்க! அடுத்த வாரம் கோர்ட்ல அவளே சத்தமா பேரச் சொல்லி பந்து குடுத்தா.

லெஃப்ட் கார்னர்:
அக்கா, இத நானும் வைக்கணும். கைய பிடிச்சாச்சு, ஒரே பானையில சாப்பிடுறதுக்கு வீட்டுல என்ன சொல்லுவாவளோன்னுதான் யோசன. கேட்டுப் பாத்தேன், பயலுவ வாரேன்னுட்டானுவ. பன்னெண்டு பேருக்கு அரிசி எவ்வளவு போடணும்?

பாளை வாலிபால் அக்கா:
ஆடுற பயலுவ, ரெண்டு கிலோ போடுங்க. துவரம்பருப்பு முக்கால் கிலோ. கீரைய மட்டும் கடைசியில போடச் சொல்லுங்க.