கடல் எச்சரிக்கையை யார் சொன்னால் கரை கேட்கும்?

குளச்சல்காரன்
நேற்று வேறொரு இழையில் ஒருவர், "எத்தனை தடவை எச்சரித்தாலும் குமரி மீனவர்கள் கேட்கமாட்டார்கள், அது அவர்கள் குணம்" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் சண்டையில் முடியும். அதனால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

சொல்கிறவன் யார், எப்படிச் சொல்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் கடற்கரையில் சேதி ஏறும். "குமரிக்கடல், மன்னார் வளைகுடா பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும், மீனவர்கள் செல்ல வேண்டாம்." சீசனில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிடும். வள்ளத்துக்காரனுக்குத் தெரியவேண்டியது வேறு. மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்றா, வடக்கேயிருந்து வரும் வாடையா? கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்கு அப்பால்? ராத்திரி வலை விட்டுவிட்டு விடியுமுன் திரும்பிவிட முடியுமா? ஒன்றுக்கும் அதில் பதில் கிடையாது. அதே சேதியை ஊர்ப் பாதிரியார், எங்கள் பங்குச்சாமி, கோயில் மைக்கில் சொன்னாலோ, சித்தப்பா வயர்லெஸ்ஸில் "இதுக்கு மேலே போகாதே மக்கா" என்றாலோ என்ஜின் திரும்பிவிடும்.

நாஞ்சில்வாசி
அண்ணே, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2017 ஒக்கிப் புயலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம், 30 காலையில் குமரிக்குத் தெற்கே புயல். ஒரே நாள்! தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டன. வயர்லெஸ் எட்டுவது கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர்தான். அதற்கு அப்பால் பங்குச்சாமி சொன்னாலும் கேட்காது, பாப்பரசர் சொன்னாலும் கேட்காது. அங்கே தேவைப்பட்டது செயற்கைக்கோள் கருவி. கலாச்சாரம், அடையாளம் என்று பேச ஆரம்பித்தால் கருவி கொடுக்காதவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். நீங்கள் எதிர்க்கிற அந்த "குணம்" பேச்சும் இதே கடையில் வாங்கின சரக்குதான்.

இரணியல் டீச்சர்
கடைசி வரி சரியான அடி. ஆனாலும் கருவி இல்லாதது, சொல்கிறவர் பேச்சு ஏறாதது இரண்டும் சேர்ந்துதான் நடந்தது, தம்பி. அந்த மேற்குக் கரை ஊர்களையே பாருங்கள். மாவட்டம் கன்னியாகுமரி, மாநிலம் தமிழ்நாடு. கத்தோலிக்கத் திருச்சபைக் கணக்கிலோ திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம். மீன்பிடித் தொழிலுக்குப் போவது கொச்சிக்கு. 1956 நவம்பர் 1-இல் கோடு போட்டு நம்மைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து இந்தப் பக்கம் சேர்த்தார்கள், கடலில் யார் கோடு போட்டது? எந்த அரசு இவர்களிடம் பேசவேண்டும், யார் சொல்வதை இவர்கள் நம்பவேண்டும் என்பதே அங்கே சிக்கலான விஷயம்.

உள்நாட்டுக்காரர்கள் நாமும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. கடற்கரைப் பிள்ளைகள் பேசுகிற வேகத்தையும் இழுப்பையும் வகுப்பில் மற்றவர்கள் அப்படியே நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

வள்ளவிளை மருமகள்
வாய் திறக்காததைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். ஒக்கி நேரத்தில் கொழுந்தனைக் காணோம் என்று பெயர் கொடுக்க மாமியாரோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படகுப் பதிவு எண் கேட்டார். மாமியாருக்கு எண் தெரியாது. படகுக்கு எந்தப் புனிதர் பேர், யார் மகன் ஓட்டுகிறான், கூட யார் யார், யாருக்கு எந்த வழியில் சொந்தம் என்று சொல்லத் தொடங்கினார். எங்கள் ஊரில் ஒரு படகைப் பற்றிச் சொல்வது அப்படித்தான். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு பாட்டி." அத்தோடு மாமியார் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். படகு கொச்சியிலிருந்து புறப்பட்டது என்பதைச் சொல்லவேயில்லை. நானும் அழுதுகொண்டு நின்றேன், எனக்கும் தோன்றவில்லை. தாளில் நம்ம ஊர் துறைமுகம் என்று ஏறிவிட்டது. பங்கில் எழுதின பட்டியலில் மட்டும்தான் சரியாக இருந்தது, ஏனென்றால் அங்கே மாமியாரைப் பேசவிட்டார்கள். கொழுந்தன் லட்சத்தீவில் கரையேறி வந்து சேர்ந்தான், கர்த்தர் கிருபை. கூடப் போன படகு வரவில்லை.

நாஞ்சில்வாசி
அக்கா, மனசு கனக்கிறது. கோபப்படாமல் கேளுங்கள், அது அந்த ஆளின் திமிர். என்னிடமும் அப்படித்தான் பேசியிருப்பார்.

வள்ளவிளை மருமகள்
உங்களை "சார்" என்றிருப்பார், தம்பி. "சொல்லு" என்றிருக்கமாட்டார். நாங்கள் வாய் திறந்த உடனேயே எந்த ஊர் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு மரியாதை எதிர்பார்க்க முடியுமா?

குளச்சல்காரன்
ஒக்கி முடிந்து டிசம்பர் 7-ஆம் தேதி அத்தனை பேர் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தது எதற்கு? தேடச் சொல்லித்தான். "எந்தத் திசையில் தேடவேண்டும் என்று எங்களுக்குத் தெரியும், எங்களையும் கூட்டிப் போங்கள்" என்பதையே ஆட்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நீரோட்டம் கவிழ்ந்த படகை எங்கே கொண்டுபோகும் என்று அவர்கள் போட்ட கணக்கைக் கேட்க ஆள் இல்லை. தம்பி சொல்கிற கருவி வந்திருந்தாலும் இந்தக் காது வந்திருக்காதே.

நாஞ்சில்வாசி
சரி, கருவியைப் பற்றியே பேசுவோம். 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலில் இருக்கிற படகுக்கே எச்சரிக்கை போகும், கையில் இருக்கிற போனில் படிக்கலாம். ஆனால் ஒருவழிதான், திருப்பி ஒன்றும் கேட்கமுடியாது. அதனால்தான் இப்போது சேதி வாங்கவும் அனுப்பவும் முடிகிற இருவழி டிரான்ஸ்பாண்டர் கருவி வைக்கிறார்கள். ஆபத்து என்று அமுக்கினால் கரைக்குத் தெரியும். இதைச் செய்தது பொறியாளர்கள். நாட்டார் வழக்காறு படித்தவர்கள் இல்லை.

இரணியல் டீச்சர்
ஒருவழி போதாது என்று பொறியாளருக்குப் புரியவைத்தது யார்? தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள்தானே. இன்னொன்றும் கேட்கிறேன். கரையில் அந்தச் சேதியை வாங்குகிற நாற்காலியில் யார் இருப்பார்? ராத்திரி இரண்டு மணிக்குக் கடலிலிருந்து பதறிக்கொண்டு வருகிற பேச்சு அவருக்குப் புரியுமா?

நாஞ்சில்வாசி
அந்த நாற்காலிக்குக் கடற்கரை ஆளைப் போடுங்கள் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். நல்ல சம்பளத்தோடு, நிரந்தர வேலையாக. சும்மா "தன்னார்வலர்" என்று சட்டை மாட்டிவிட்டால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

குளச்சல்காரன்
அப்படியானால் பெண்களையும் சேர்த்துப் போடவேண்டும். எந்தப் படகு எப்போது போனது, யார் ஏறினார்கள், யார் கடைசி நிமிஷத்தில் இறங்கிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி.

வள்ளவிளை மருமகள்
மனு யார் எழுதுகிறீர்கள்? டீச்சர் எழுதினால் எங்கள் பக்கத்துப் பங்குகளில் கையெழுத்து நான் வாங்கித் தருகிறேன். பதிவு எண்ணுக்குக் கட்டம் போடுங்கள், பக்கத்திலேயே படகின் பேருக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லி அதில் எழுதுங்கள்.