இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விரிசல் சுருங்குகிறது, எங்கே கோளாறு?

கேள்வி:
2024-டி3 ரக அலுமினியத் துண்டு, 5 மி.மீ. தடிமன், 25 மி.மீ. அகலம், ஓரத்தில் சின்ன நாட்ச் (வெட்டு). 10 ஆம்பியர் டிசி செலுத்தி, நாட்சுக்கு இரண்டு பக்கமும் திருகிய செம்புக் கம்பிகளில் வோல்டேஜைப் படித்தால் கணினியே ஃபெடீக் விரிசலின் (திரும்பத் திரும்பச் சுமை ஏற்றி இறக்குவதால் வளர்வது) நீளத்தைக் கணக்கிட்டு எழுதிக்கொள்ளும். ஆளில்லாமல் ஓடட்டும் என்று ராத்திரி விட்டுவிட்டுப் போனேன். காலையில் பார்த்தால் கிராஃப் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது, 0.1 மி.மீ. வளர்ந்த விரிசல் இருபது நிமிடத்தில் சுருங்கிவிடுகிறது! விரிசல் தானே ஒட்டிக்கொள்ளுமா என்ன? மீட்டரையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

பதில் 1:
தம்பி, மீட்டரை விடுங்கள். கரண்டை அணைத்துவிட்டு அரை மணி நேரம் வோல்டேஜை மட்டும் பாருங்கள். அப்போதும் ஆடினால் அது விரிசல் இல்லை, வெப்பம். செம்பும் அலுமினியமும் சேரும் இரண்டு முனைகளும் ஒரே சூட்டில் இருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், ஒரு டிகிரி வித்தியாசம் வந்தாலே சில மைக்ரோவோல்ட் கிளம்பும். உங்கள் துண்டில் 0.1 மி.மீ. வளர்ச்சிக்கு ஒரு மைக்ரோவோல்ட்கூட வராதே. டைட்டானியம் என்றால் மின்தடை பல மடங்கு அதிகம், இந்தத் தொல்லை அவ்வளவு தெரிந்திருக்காது.

கேட்டவர்:
கரண்ட் பூஜ்யம், ஆட்டம் அப்படியே இருக்கிறது அண்ணா. ஏசி கம்ப்ரஸர் ஓடும்போது இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது. காற்று நேராக மேல் கம்பியில்தான் அடிக்கிறது, இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை.

பதில் 1:
சரி, தெர்மாகோல் பெட்டியால் மூடுங்கள். அது மட்டும் போதாது. கரண்டின் திசையை மாற்றி மாற்றி விட்டு, இரண்டு அளவையும் கழித்துப் பாதியாக்குங்கள், வெப்ப வோல்டேஜ் திசை மாறாது என்பதால் கழிந்துபோகும். விரிசலிலிருந்து தள்ளி இன்னொரு ஜோடிக் கம்பி வைத்து அதோடு வகுத்தால், சூட்டில் உலோகத்தின் மின்தடை மாறுவதும் அடங்கும். துண்டைப் பிடிக்கும் கிரிப்பில் மின்காப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் கரண்ட் சுமை ஏற்றும் மெஷின் வழியாகச் சுற்றிப் போய்விடும்.

பதில் 2:
இன்னொன்று. சுமை குறையும்போது விரிசலின் இரு முகங்களும் தொட்டுக்கொண்டு கரண்ட் குறுக்கே பாய்ந்தால் நீளம் குறைவாகத்தான் காட்டும், அளவைச் சுமை உச்சத்தில் எடுங்கள். விரிசல் இன்னும் மூலையில் கால்வட்டமாக இருந்தால் வோல்டேஜிலிருந்து நீளத்தைக் கணக்கிடும் 1965-ஆம் ஆண்டின் ஜான்சன் சமன்பாட்டை நம்பாதீர்கள், அது தடிமன் முழுக்க ஊடுருவிய விரிசலுக்கானது. நடுநடுவே உச்ச சுமையை அப்படியே வைத்துக் குறைந்தபட்ச சுமையை மட்டும் கொஞ்ச நேரம் ஏற்றி ஓட்டினால் உடைந்த பரப்பில் கோடு விழும், மைக்ரோஸ்கோப்பில் அளந்து கணக்கைத் திருத்தலாம்.

கேட்டவர்:
திசை மாற்ற ரிலே போட்டேன், ரம்பப் பல் போய்விட்டது. மூலை விரிசல்தான், நாளைக்குக் கோடு போட்டுப் பார்க்கிறேன்.