ஏர்த்ஸீ நாவலின் முடிவு நிறைவைத் தருகிறதா?

கோணமலை வாசகன்:
உர்சுலா லெ குவின் எழுதி 1968 ஆம் ஆண்டு வெளிவந்த ‘எ விஸாட் ஒஃப் ஏர்த்ஸீ’ நாவலை, மாரி மழை ஓயாத ஒரு வாரத்தில் உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து வாசித்து முடித்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு, அந்தப் பெயரை அறிந்தவனுக்கே அது கட்டுப்படும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு, தீவுகளும் கடலுமாக விரியும் முழு உலகத்தையும் எழுப்பியிருப்பது பெரிய சாதனை என்றே கருதுகிறேன். மந்திரம் கற்கும் செருக்கு மேலிட்ட மாணவன் கெட், இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கப் போய், பெயரில்லாத நிழல் ஒன்றை உலகுக்குள் விட்டுவிடும் அந்த இரவு இன்னும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

என் மனக்குறை பிற்பகுதியைப் பற்றியது. முடிவை முன்கூட்டி அறிய விரும்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். நிழலைத் துரத்திச் செல்லும் அத்தியாயங்களில் தீவுகள் அவசர அவசரமாக வந்து போகின்றன. மணல்திட்டில் வாழும் முதியவர்கள் இருவரின் பகுதி கதையோடு ஒட்டவில்லை. இறுதியில் பெரும் மோதல் நிகழும் என்று காத்திருந்தால், கெட்டும் நிழலும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொல்லி ஒன்றாகிவிடுகின்றனர். இவ்வளவு தூரம் கூடவே வந்த வாசகனுக்கு இது போதுமா? நீங்கள் எப்படி வாசித்தீர்கள்?

மூதூர் ஆசிரியர்:
ஐயா, அந்த முடிவு முதல் அத்தியாயங்களிலேயே விதைக்கப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம். மழையை விலக்கும் ஆற்றல் இருந்தும் ஆசான் ஒகியன் அதை விலக்காமல், அடர்ந்த மரமொன்றின் கீழ் போய்ப் படுத்துக்கொள்கிறார். நனைந்து குளிரில் ஒடுங்கிய கெட்டுக்கோ, பயன்படுத்தாத வித்தை எதற்கு என்று எரிச்சல் வருகிறது. ஓரிடத்தில் வரவழைக்கும் மழை இன்னோரிடத்தில் வறட்சியாகலாம் என்று ரோக் தீவின் பள்ளியிலும் கற்பிக்கிறார்கள். வெல்வதற்காக வித்தையை எடுப்பதே பிழை என்று சொல்லிவரும் நாவல், வெற்றியோடு முடிந்திருந்தால் தன்னையே மறுத்ததாகியிருக்கும்.

பென்டர் தீவின் ட்ராகன், நிழலின் பெயரைச் சொல்வதாக ஆசை காட்டும் இடத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். கெட் எந்நேரமும் அஞ்சி ஓடுவது அந்த நிழலுக்குத்தான். அப்படியிருந்தும் அவன் அந்தப் பேரத்தை ஏற்காமல், தன்னை நம்பியிருக்கும் மீனவர் தீவுகளின் பக்கம் ட்ராகனும் அதன் குட்டிகளும் இனி வருவதில்லை என்ற சத்தியத்தையே கேட்டு வாங்குகிறான். எனக்கு நாவலின் உச்சம் அதுதான். ஆனால், ஒஸ்கில் தீவின் கோட்டையில் நடக்கும் பகுதி விரைந்து முடிகிறது என்றால் ஒத்துக்கொள்வேன். அங்கே இன்னும் சில பக்கங்கள் தேவைப்பட்டன.

திருக்கடலூரான்:
நான் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், தாங்கள் அவசரம் என்று சொல்லும் பக்கங்களில்தான் அதிகம் தங்கினேன். கெட் தன் படகை எப்படிப் பெறுகிறான் என்று பாருங்கள். கிழவர் ஒருவரின் பழைய படகை வாங்க வந்தவன், அதற்கு ஈடாக அவருடைய கண்களில் விழுந்திருந்த படலத்தை நீக்குகிறான். உலகத்தில் இவ்வளவு வெளிச்சம் இருப்பதையே மறந்துபோயிருந்த அந்த மனிதர், படகுக்கு ‘தொலைதூரம் பார்ப்பது’ என்ற பொருள்படப் புதுப் பெயர் வைத்து, முகப்பின் இரு பக்கமும் கண் வரையச் சொல்கிறார். தன் நன்றி அந்தக் கண்களால் பார்த்துப் பாறைகளிலிருந்து காக்கும் என்கிறார். என் அப்பா வள்ளம் வாங்கும்போது பலகை இடுக்குகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு விற்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்பார். படகு கைமாறுவது எத்தகைய விடயம் என்று லெ குவினுக்குத் தெரிந்திருக்கிறது.

சம்பூர் வாசகி:
மணல்திட்டு முதியவர்களைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும். குழந்தைகளாக இருக்கையில் அங்கே கைவிடப்பட்ட அரச குடும்பத்து அண்ணனும் தங்கையும் அவர்கள். கெட்டின் மொழி அவர்களுக்குப் புரியாது. அந்தக் கிழவி, தான் சிறுபிள்ளையாய் அணிந்த, முத்துகள் பதித்த பட்டாடையை எடுத்துக் காட்டுகிறாள். ஓர் உடைந்த வளையத் துண்டை அவன் கையில் வைக்கிறாள். 2006 இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது என் அம்மம்மா கொண்டுவந்தது, மூடி வளைந்த ஒரு தகரப்பெட்டி. அதற்குள் என் அம்மாவின் முதற்பிறந்தநாள் சட்டை இருந்தது. முகாமுக்கு யார் வந்தாலும் அதை விரித்துக் காட்டுவார். அந்தப் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை.

வேறிடத்துக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியும் அந்தக் கிழவர் வர மறுக்கவே, உவர்ப்பாக இருந்த அவர்களுடைய ஊற்றைக் கெட் நன்னீராக மாற்றிவிட்டுப் புறப்படுகிறான். உவர்க் கிணற்றோடு வாழ்ந்தவர்களுக்கு அது என்ன கொடை என்று தெரியும். அந்த உடைந்த வளையமும் வீணாகவில்லை, அண்ணா. இதே வரிசையில் 1971 இல் வந்த இரண்டாம் நாவலின் கதையே அதன் மற்றைய பாதியைத் தேடிப் போவதுதான்.

கோணமலை வாசகன்:
சகோதரி, அந்த ஊற்றை நான் கவனிக்காமலே கடந்துபோயிருக்கிறேன். நேற்றிரவு அந்தப் பகுதியை மறுபடியும் வாசித்தேன். கதையோடு ஒட்டவில்லை என்று எழுதியதை மீளப் பெறுகிறேன். ஆசிரியர் சொன்ன ஒஸ்கில் பற்றிய குறை மட்டும் அப்படியே நிற்கிறது. இரண்டாம் நாவல் இங்குள்ள கடைகளில் கிடைக்கவில்லை. திருகோணமலையில் யாரிடமாவது இருந்தால் இரண்டு வாரத்துக்கு இரவல் தருவீர்களா?